எட்டு எழுத்துக்கு 200 ரூபாய்

திருத்துறைப்பூண்டியில் பிறந்து ஜெமினி அதிபரான எஸ்.எஸ்.வாசனின் கதை

சென்னைக்குப் போய் வந்தவர்கள் அண்ணா சாலையில் உள்ள பெரிய மேம்பாலத்தைப் பார்த்திருப்பார்கள். 1973-ம் ஆண்டு கட்டி முடித்த பாலம் அது. அதன் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால், பஸ் கண்டக்டருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஜெமினி என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ மறைந்து பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் மறையவில்லை.

அந்தப் பெயரை நாடறியச் செய்தவர் நம் பக்கத்துக்காரர். திருவாரூருக்குத் தெற்கே இருக்கும் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். அவர்தான் எஸ்.எஸ்.வாசன்.

இன்று பல வீடுகளில் ஒரு பேச்சு நடக்கிறது. பிள்ளை படித்து முடித்திருப்பான். கையில் ஒரு வேலையும் இருக்கும். அதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போகிறேன் என்பான். தாய் பயப்படுவாள். தகப்பனார் கொஞ்சம் பொறு என்பார்.

பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு காலம் பொறுப்பது? எப்போது துணிந்து இறங்குவது? இறங்கினால் எவ்வளவு பணம் போடுவது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் வாசனின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

கடைமடை ஊர்

வாசன் பிறந்தது 1904-ம் ஆண்டு. முழுப்பெயர் சீனிவாசன். தகப்பனார் பெயர் சுப்பிரமணியம். ஊர் அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்தது. 1997-ல் திருவாரூர் மாவட்டம் நிலைபெற்ற பிறகு இந்த மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

திருத்துறைப்பூண்டி கடைமடைப் பகுதி. காவிரித் தண்ணீர் மேலே உள்ள ஊர்களை எல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இங்கே வரும். வாசன் பிறந்தபோது மேட்டூர் அணையும் கிடையாது. அணை கட்டி முடித்தது 1934-ல்தான்.

கடைமடை விவசாயி தண்ணீருக்காகக் காத்துக்கொண்டே இருந்தால் பருவம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து இளம் பயிரை மூழ்கடித்துவிடும். அவசரப்பட்டு முன்னாலேயே விதைத்தாலும் ஆபத்து. விதை புழுதியிலேயே காய்ந்துபோகும்.

ஆகையால் அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். முதலில் நிலத்தைப் புழுதிபட உழுது போடுவான். வானத்தைப் பார்ப்பான். காற்றைப் பார்ப்பான். நாள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவான். பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

வாசன் விவசாயம் செய்யவில்லை. ஆனால் அவர் தொழில் செய்த முறை கிட்டத்தட்ட இதுதான்.

தகப்பன் இல்லாத பிள்ளை

வாசன் சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். தாய்தான் வளர்த்தார். பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்று ஊரை விட்டுச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கணவனை இழந்த ஒரு பெண், அந்தக் காலத்தில், கையில் ஒரு குழந்தையுடன் பட்டணத்துக்குக் குடிபோவது சின்ன காரியம் அல்ல. இந்தக் குடும்பத்தில் முதலில் துணிந்தவர் வாசன் அல்ல. அவருடைய தாய்.

தஞ்சை ஜில்லாவிலிருந்து சென்னைக்குப் போன பிள்ளைகள் சர்க்கார் உத்தியோகம் தேடுவதுதான் வழக்கம். மாதச் சம்பளம் வரும். வீட்டுக்குப் பயம் இல்லை. வாசன் அந்த வழியில் போகவில்லை. சொந்தக் காலில் நிற்க நினைத்தார்.

ஆனால் தொழில் தொடங்கப் பணம் இல்லை. பணம் போடாமல் செய்யக்கூடிய தொழில் எது? பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பது. வாசன் விளம்பர ஏஜெண்டு ஆனார்.

படி ஏறி இறங்கிய பாடம்

விளம்பரம் சேகரிப்பது சுலபம் அல்ல. கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். முதலாளி மறுபடி வா என்பார். மறுபடி போனால் வெளியூர் போயிருப்பார். பத்துக் கடை ஏறினால் ஒரு கடையில் விளம்பரம் கிடைக்கும். கிடைத்த விளம்பரத்துக்கு ஏற்பத்தான் கமிஷன்.

ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பாடம் உண்டு. எந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்க வியாபாரிகள் முன்வருகிறார்கள், எதற்குத் தயங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது, அச்சுக் கூலி எவ்வளவு, காகிதம் என்ன விலை என்பதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

வாசன் தபால் மூலம் பொருள் விற்கும் வியாபாரமும் செய்தார். பத்திரிகையில் விளம்பரம் வரும். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கடிதம் எழுதுவார்கள். வி.பி.பி.யில் பொருள் போகும். தபால்காரரிடம் பணம் கட்டிப் பொருளை வாங்கிக்கொள்வார்கள்.

எப்படி எழுதினால் ஜனங்கள் கடிதம் போடுகிறார்கள், எப்படி எழுதினால் போடுவதில்லை என்பது இந்த வியாபாரத்தில் அன்றன்றைக்கே தெரிந்துவிடும். நன்றாக எழுதினால் கடிதம் குவியும். இல்லாவிட்டால் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார். முகம் தெரியாத வாசகர்களின் மனத்தை வாசன் இப்படித்தான் படித்தார்.

நின்றுபோன பத்திரிகை

1926-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பூதூர் வைத்தியநாதையர் என்பவர் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெயர் ஆனந்த விகடன். சிரிக்கவைக்கும் பத்திரிகை. வாசன் விளம்பரம் வாங்கிக் கொடுத்த பத்திரிகைகளில் அதுவும் ஒன்று.

பெயர் நல்ல பெயர். யோசனையும் நல்ல யோசனை. ஆனால் பணம் கட்டுப்படியாகவில்லை. 1927-ம் ஆண்டு டிசம்பர் மாத இதழ் வெளிவரவே இல்லை.

பத்திரிகை நின்றுபோனால் விளம்பர ஏஜெண்டு என்ன செய்வார்? வேறு பத்திரிகைக்குப் போய்விடுவார். வாசன் போகவில்லை. அந்தப் பத்திரிகையையே விலைக்குக் கேட்டார்.

என்ன விலை? அச்சு இயந்திரம் இல்லை. கட்டடம் இல்லை. இருந்தது பெயர் மட்டும்தான். ஆகையால் பெயருக்கே விலை போட்டார்கள். ஓர் எழுத்துக்கு 25 ரூபாய்.

நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆ, ன, ந், த, வி, க, ட, ன். மொத்தம் எட்டு எழுத்து. எட்டு எழுத்துக்கு 200 ரூபாய்.

அப்போது ஒரு பவுன் 13 ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். 200 ரூபாய் என்றால் சுமார் 15 பவுன். ஏழை வீட்டுக்கு அது பெரிய பணம். ஒரு தொழிலுக்கு அது சின்னப் பணம். போனால் கஷ்டம் வரும். ஆனால் குடும்பம் அழிந்துவிடாது. இதைக் கவனிக்க வேண்டும்.

1928 ஜனவரியில் பத்திரிகை கை மாறியது. பிப்ரவரியில் புது உருவத்தில் வெளிவந்தது. இடையில் பல மாதங்கள் போகவிடவில்லை. வாங்கியவுடன் வேலை தொடங்கிவிட்டது. அப்போது வாசனுக்கு வயது 24.

பத்திரிகை நடத்தலாம் என்ற யோசனை வாசனுக்குச் சொந்தம் அல்ல. அது பூதூர் வைத்தியநாதையருடையது. பெயர் வைத்தவரும் அவரே. வாசனிடம் வேறு ஒன்று இருந்தது. விளம்பரம் எங்கே கிடைக்கும் என்று தெரியும். வாசகர் எதற்குக் காசு கொடுப்பார் என்று தெரியும். யோசனை ஒருவருக்கு வந்தது. அதை நடத்தும் பக்குவம் இன்னொருவருக்கு வந்திருந்தது.

சிரிப்பும் பரிசும்

பத்திரிகையை வாங்கினால் மட்டும் போதாது. எழுதுவதற்கு நல்ல ஆள் வேண்டும்.

மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, கல்கி என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். அவரை வாசன் தம் பத்திரிகைக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டார். படம் வரைய மாலி வந்தார். திருவிடைமருதூர்க்காரரான தேவன் வந்தார். காவிரிக்கரை நகைச்சுவை விகடனில் துள்ளி விளையாடியது.

குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார் வாசன். சரியான விடை எழுதினால் ரொக்கப் பரிசு. வீட்டுத் திண்ணைகளிலும் ரயில் வண்டிகளிலும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கட்டம் நிரப்பினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்கூட வார்த்தைகளைத் தேடினார்கள். பத்திரிகை விற்பனை மேலே மேலே போயிற்று. மாத இதழாக இருந்தது, படிப்படியாக வார இதழ் ஆயிற்று.

சினிமாவுக்குப் பத்து வருஷம்

1931-ம் ஆண்டு தமிழ் பேசும் படம் வந்துவிட்டது. முதல் படம் காளிதாஸ். ஊரெல்லாம் சினிமாப் பைத்தியம் பிடித்தது. கையில் நாலு காசு வைத்திருந்தவர்கள் எல்லாம் படம் எடுக்கக் கிளம்பினார்கள். சிலர் பணம் பண்ணினார்கள். பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

வாசனுக்கும் சினிமாவில் ஆசை உண்டு. பத்திரிகையால் பணமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் உடனே குதிக்கவில்லை.

முதலில் கதையாசிரியராக எட்டிப் பார்த்தார். விகடனில் அவர் எழுதிய தொடர்கதை சதி லீலாவதி. குடிப்பழக்கத்தால் குடும்பம் சீரழியும் கதை. 1936-ல் அது படமாக வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்ட் செய்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்த படம் இதுதான்.

அடுத்து வாசன் படங்களை வாங்கி வெளியிடும் வினியோகஸ்தர் ஆனார். படம் எடுப்பவர் ஒருவர். கொட்டகை வைத்திருப்பவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பவர் வினியோகஸ்தர். எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தக் காட்சிக்கு ஜனங்கள் கைதட்டினார்கள், எந்தப் படம் மூன்றாம் நாளே காலியாயிற்று என்பதெல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முன்பு விளம்பர ஏஜெண்டாக இருந்து பத்திரிகைத் தொழிலைப் படித்தார் அல்லவா? அதே மாதிரி வினியோகஸ்தராக இருந்து சினிமாத் தொழிலைப் படித்தார்.

1939-ல் தியாக பூமி வந்தது. கதை எழுதியவர் கல்கி. படம் எடுத்தவர் பாபநாசத்துக்காரரான டைரக்டர் கே.சுப்பிரமணியம். கதை விகடனில் தொடராக வந்தபோது சினிமாப் படங்களையே கதைக்குப் படங்களாக அச்சிட்டார்கள். படித்தவர்கள் படம் பார்க்க ஓடினார்கள். படம் பார்த்தவர்கள் விகடன் வாங்கினார்கள். தேசபக்தி மிகுந்த அந்தப் படத்துக்கு ஆங்கில அரசாங்கம் தடை போட்டது.

எரிந்த ஸ்டூடியோ

கே.சுப்பிரமணியமும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னையில் ஒரு ஸ்டூடியோ நடத்தி வந்தார்கள். அதில் தீப்பிடித்தது. நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை. ஸ்டூடியோ ஏலத்துக்கு வந்தது.

வாசன் ஏலத்தில் எடுத்தார். 86 ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அதைச் சீர்படுத்தி ஜெமினி ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். இது நடந்தது 1940-41-ல்.

பேசும் படம் வந்தது 1931-ல். வாசன் ஸ்டூடியோ வாங்கியது ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து. பத்து வருஷம் காத்திருந்தவர், நாள் வந்தபோது ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

அது நல்ல காலம் என்று சொல்ல முடியாது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. படச்சுருள் கப்பலில் வரவேண்டும். அதற்குத் தட்டுப்பாடு. சர்க்கார் பங்கீடு வைத்தது. ஒரு படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பயந்து சென்னை ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தார்கள்.

இன்னொரு சோதனையும் வந்தது. 1941-ல் கல்கி விகடனை விட்டு விலகினார். சொந்தப் பத்திரிகை தொடங்கினார். ஒரு பக்கம் புது ஸ்டூடியோ. இன்னொரு பக்கம் பத்திரிகையின் தூண் போய்விட்டது. வேறு ஒருவராக இருந்தால் ஸ்டூடியோவை விற்றுவிட்டுப் பத்திரிகையோடு நின்றிருப்பார்.

வாசன் இரண்டையும் விடவில்லை. தேவன் விகடனைத் தாங்கினார். ஸ்டூடியோவிலிருந்து 1942-ல் நந்தனார் வந்தது. 1943-ல் மங்கம்மா சபதம் வந்து கொட்டகைகளை நிரப்பியது.

30 லட்சம்

மங்கம்மா சபதம் வெற்றி பெற்றதும் வாசன் ஒரு பெரிய படத்துக்குத் திட்டம் போட்டார். அதுதான் சந்திரலேகா. ஐந்து வருஷம் எடுத்தார். முதலில் டைரக்ட் செய்தவர் நடுவில் விலகிக்கொண்டார். வாசனே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் எந்தப் படத்தையும் டைரக்ட் செய்ததில்லை.

படத்துக்கு ஒரு சர்க்கஸ் கம்பெனியே வந்தது. ராட்சத முரசுகள் செய்தார்கள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் நின்று ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்ந்தார்கள். அந்த ஒரு காட்சிக்குப் பல மாதம் ஒத்திகை நடந்தது.

செலவு 30 லட்சம் ரூபாய். ஸ்டூடியோ வாங்கிய விலையைப்போல் சுமார் 35 மடங்கு! சொத்துகளை அடமானம் வைத்தார். நகைகளை விற்றார். படம் தோற்றால் எல்லாம் போய்விடும்.

1948 ஏப்ரல் மாதம் படம் வந்தது. தமிழ்நாட்டில் கூட்டம் அலைமோதியது. ஆனால் வந்த வசூல் போட்ட பணத்துக்குப் போதவில்லை. தமிழ்நாட்டுக் கொட்டகைகள் எல்லாம் சேர்ந்தாலும் 30 லட்சத்தைத் திருப்பித் தரமுடியவில்லை.

இங்கேதான் வாசனின் பழைய படிப்பு கைகொடுத்தது. சரக்கு நல்ல சரக்கு. சந்தை சின்னது. அப்படியானால் பெரிய சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சில காட்சிகளை மாற்றிப் படத்தை இந்தியில் தயாரித்தார். அதே வருஷம் டிசம்பரில் நாடு முழுவதும் வெளியிட்டார். 600 பிரதிகளுக்கு மேல் போட்டார். இந்தப் படத்துக்குச் செய்தது போன்ற விளம்பரத்தை வடக்கே அதுவரை யாரும் கண்டதில்லை. ஒரு காலத்தில் கடை கடையாக விளம்பரம் கேட்டு அலைந்தவர் அல்லவா!

படம் வடக்கே பிரமாதமாக ஓடியது. போட்ட பணம் திரும்பியது. மேலும் வந்தது. சென்னைப் பட அதிபர்கள் இந்திப் படம் எடுக்க வழி திறந்தது.

பிறகு ஜெமினியின் புகழ் வளர்ந்தது. 1953-ல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த ஔவையார் வந்தது. 1955-ல் திலீப்குமாரையும் தேவ் ஆனந்தையும் ஒரே படத்தில் நடிக்கவைத்தார். 1958-ல் வஞ்சிக்கோட்டை வாலிபன் வந்தது. அதில் கதாநாயகனாக நடித்த கணேசன் ஒரு காலத்தில் இதே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவர் ஜெமினி கணேசன் ஆனார்.

1964-ல் வாசன் ராஜ்ய சபா உறுப்பினர் ஆனார். 1969-ல் பத்ம பூஷண் விருது பெற்றார். அதே வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி காலமானார். அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, 2004-ல், மத்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

மூன்று பதில்கள்

வாசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் சந்திரலேகாவைத்தான் சொல்வார்கள். சொத்தை எல்லாம் அடமானம் வைத்தார், வென்றார் என்பார்கள். அதைக் கேட்டு வீட்டை அடமானம் வைக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. வீட்டை வைத்துப் படம் எடுத்து, வீட்டையும் படத்தையும் இழந்தவர்கள் கதை சினிமா உலகில் ஏராளம்.

ஆனால் வாசனின் முதல் பந்தயம் 200 ரூபாய். இரண்டாவது 86 ஆயிரம். மூன்றாவதுதான் 30 லட்சம். முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே 20 வருஷம் இருக்கிறது. அந்த 20 வருஷத்தை விட்டுவிட்டுக் கடைசி நாளை மட்டும் பார்த்தால் அது சூதாட்டம் மாதிரித் தெரியும்.

எவ்வளவு காலம் பொறுப்பது? தொழிலின் உள்ளே நின்று அதைத் தெரிந்துகொள்ளும்வரை. கரையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. சின்ன வேலையாக இருந்தாலும் உள்ளே போய்ச் செய்ய வேண்டும்.

எப்போது இறங்குவது? தெரியவேண்டியது தெரிந்து, வாய்ப்பும் எதிரே வந்து நிற்கும்போது. நின்றுபோன பத்திரிகையும் எரிந்த ஸ்டூடியோவும் மற்றவர்கள் கண்ணுக்குக் கெட்ட சகுனமாகத் தெரிந்திருக்கும். தொழில் தெரிந்தவருக்கு அது விலை குறைந்த நல்ல சரக்கு. காலம் முழுவதும் நல்லதாகட்டும் என்று காத்திருந்தால் விலையும் ஏறிவிடும், வயதும் ஏறிவிடும்.

எவ்வளவு போடுவது? முதல் தடவை, போனாலும் எழுந்து நிற்கக்கூடிய அளவு. பெரிய பணம் போடும் நாள், சின்னப் பணம் திரும்பி வந்த பிறகுதான்.

அடுத்த தடவை அண்ணா சாலை மேம்பாலத்தைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்கு 30 லட்சத்தின் கதையைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எட்டு எழுத்தின் கதையைச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கடை கடையாக ஏறி இறங்கிய விளம்பரப் பையனின் கதையைச் சொல்லுங்கள்.

கடைமடை விவசாயி புழுதியில் விதைப்பதைப் பார்க்கிறவன் அதைக் கண்மூடித் துணிச்சல் என்று நினைப்பான். விதைப்பதற்கு முன் அவன் எத்தனை தடவை உழுதான், எத்தனை நாள் வானத்தைப் பார்த்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.